அம்மாவுக்குப் பித்தப்பைக் கல்: லேப்ராஸ்கோப்புக்கு மதுரை போகணுமா, ராமநாதபுரமே போதுமா?

பாம்பன்காரன் (ஞாயிறு, இரவு 9:10)

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 54. பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குப் போவது என்றாலும், அந்த 12 நாளும் தண்ணீருக்குள் முங்கி முங்கி எழுகிற வேலை. ஏழெட்டு மாதமாக வலது விலாவுக்குக் கீழே பிடிப்பு. வாயு என்று சொல்லி ஓம வாட்டரும் சோடாவும் குடித்தே ஓட்டிவிட்டார். போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்கத் துடித்துப்போனார். ஸ்கேன் எடுத்தால் பித்தப்பை நிறையக் கல், பெரியது 14 மி.மீ.

ராமநாதபுரத்தில் பார்த்த டாக்டர் லேப்ராஸ்கோப்பில் பித்தப்பையை எடுத்துவிடலாம் என்கிறார். மாமா, மதுரைக்குத்தான் போகணும் என்று நிற்கிறார். இன்னொருவர், லேசரில் கல்லை மட்டும் உடைக்கலாமே, பையை ஏன் எடுக்கணும் என்கிறார். எனக்கு இரண்டே கேள்வி. பையை எடுத்துத்தான் ஆகணுமா? சின்ன ஓட்டை போட்டுச் செய்கிற டாக்டர் கைதேர்ந்தவரா இல்லையா என்று நம்மைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

கீழக்கரைவாசி (ஞாயிறு, இரவு 9:48)

தம்பி, நான் துபாயில் இருந்தபோது இதே ஆபரேஷன் லேசரில் பண்ணிக்கொண்டேன். காலையில் போனேன், மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். நாலு சின்னத் தழும்பு, அவ்வளவுதான். காசைப் பார்க்காமல் பெரிய ஊருக்கே கூட்டிப்போங்கள். பெற்ற தாய் விஷயம்.

தியேட்டர் அக்கா (ஞாயிறு, இரவு 10:20)

காக்கா (அண்ணே), உங்களுக்கு நடந்தது லேசர் இல்லை, லேப்ராஸ்கோப். நம் ஊரில் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள். நான் 17 வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். உள்ளே போவது ஒரு கேமராக் குழாயும், நீளக் கைப்பிடி வைத்த மெல்லிய கருவிகளும்தான். சதையைக் கரண்டில் சுட்டுப் பிரிப்பார்கள். அந்தப் புகையைப் பார்த்து யாரோ லேசர் என்று சொல்லியிருக்க வேண்டும்!

வயதான அம்மாக்களிடம் கேட்டால் லேப்ராஸ்கோப் என்ற பேர் அவர்களுக்கு முன்னாலேயே தெரியும். அந்தக் காலத்துக் குடும்பக் கட்டுப்பாடு முகாம்களில் தொப்புள் பக்கம் துளை போட்டு, கருக்குழாயில் வளையம் மாட்டினார்களே, அதுவும் இதன் குடும்பம்தான்.

சுக்கான் (திங்கள், காலை 6:05)

பாம்பன்காரன் தம்பிக்கு. நான் பொது அறுவை சிகிச்சை மருத்துவர். இந்தக் கரையில் பிறந்து வளர்ந்து, இங்கேயே வேலை பார்க்கிறவன். உங்கள் அம்மாவைப் பார்த்த டாக்டர் நானில்லை என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

முதல் கேள்வி சுலபம். வெளியிலிருந்து அதிர்வு கொடுத்து உடைப்பது, லேசரில் பொடியாக்குவது எல்லாம் சிறுநீரகக் கல்லுக்குச் சரி. அந்தப் பொடி சிறுநீரோடு போய்விடும். பித்தப்பையில் கல்லை மட்டும் எடுத்தால் அந்தப் பை திரும்பவும் கல் பிடிக்கும். உடைந்த துண்டு பித்தக்குழாயில் இறங்கி அடைத்தால் மஞ்சள் காமாலை, கணைய வீக்கம் என்று வேறு வம்பு வரும். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பை அதைச் சேர்த்து வைக்கிற தொட்டி மட்டுமே. தொட்டி இல்லாமலும் சாப்பாடு செரிக்கும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளக்கமாகப் போகும், அப்புறம் சரியாகிவிடும்.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும்.

தொப்புளில் ஒரு 10 மி.மீ. துளை போட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி வயிற்றைக் கூடாரம் மாதிரித் தூக்குகிறோம். அழுத்தம் 12 முதல் 15 மி.மீ. பாதரசம். ஏன் அந்த வாயு என்றால், அது தீப்பிடிக்காது, ரத்தத்தில் சீக்கிரம் கரைந்து மூச்சு வழியே வெளியே போய்விடும். கேமரா உள்ளே போன பிறகு மேல்வயிற்றில் ஒன்று, வலப்பக்கம் 5 மி.மீ.யில் இரண்டு. இவ்வளவையும் யாரும் கற்றுக்கொள்ளலாம். வித்தை இருப்பது பித்தப்பையின் கழுத்தில்.

பையிலிருந்து வருகிற சின்னக் குழாயையும் அதற்கு ரத்தம் கொண்டுவருகிற நாளத்தையும் கிளிப் போட்டு வெட்டணும். பக்கத்திலேயே கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகிற முதன்மைப் பித்தக்குழாய் இருக்கிறது. அதைச் சின்னக் குழாய் என்று நினைத்து வெட்டிவிட்டால் அந்த நோயாளியின் வாழ்க்கையே மாறிவிடும். வயிற்றைத் திறந்து செய்கிற பழைய முறையில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு நடந்தது, லேப்ராஸ்கோப் வந்த பிறகு மூன்று முதல் ஐந்து என்று ஏறியது. அதனால்தான் 1995இல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் ஒரு கட்டுப்பாடு சொன்னார். கழுத்துப் பக்கத்துக் கொழுப்பையெல்லாம் சுத்தமாக நீக்கணும், பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்துக் காட்டணும், பைக்குள் போவது இரண்டே இரண்டுதான் என்று கண்ணால் காணணும். அந்தக் காட்சி கிடைக்கிறவரை கத்தரி கையில் வரக்கூடாது.

கிடைக்காவிட்டால்? வயிற்றைத் திறக்கணும், அல்லது பையின் ஒரு பகுதியை விட்டுவிட்டு மீதியை எடுத்து நிறுத்திக்கொள்ளணும். ஆகவே உங்கள் டாக்டரிடம் தழும்பு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்காதீர்கள். “போன வருடம் எத்தனை பேருக்குப் பாதியில் திறந்து செய்தீர்கள்?” என்று கேளுங்கள். நூறு பேரில் ஐந்து பேருக்கு அப்படி ஆவது சாதாரணம். “எனக்கு அந்த மாதிரி நடந்ததே இல்லை” என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடல்காற்று (திங்கள், காலை 8:31)

டாக்டர் மன்னிக்கணும். கையால் தொட்டு, இரண்டு கண்ணால் பார்த்துச் செய்த வைத்தியத்தை டிவியைப் பார்த்துச் செய்வது முன்னேற்றமா? என் மச்சானுக்கு “ஓட்டைதான்” என்று கூட்டிப்போய்க் கடைசியில் ஒரு சாண் கிழித்துவிட்டார்கள். பில்லும் இரட்டிப்பு.

சுக்கான் (திங்கள், இரவு 10:55)

பில்லைப் பற்றி நான் பேச முடியாது. ஆனால் திறந்ததைக் குற்றமாகச் சொல்லாதீர்கள். அதுதான் உங்கள் மச்சானைக் காப்பாற்றியிருக்கலாம். திறக்க நேரலாம் என்று முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லாமல் விட்டது தப்பு. அது எங்கள் பக்கத்துத் தப்பு.

எனக்கும் அது நடந்தது. தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து ஒருவர், வலி வந்து ஆறாவது நாள் வந்தார். மூன்று நாளுக்குள் வந்திருந்தால் பை வெறும் வீக்கமாக இருந்திருக்கும், பிரிப்பது சுலபம். ஆறாவது நாள் எல்லாம் ஒட்டிப்போய் அரைத்துவிட்ட சாந்து மாதிரி. நாற்பது நிமிடம் பார்த்தேன். எது குழாய், எது வீக்கம் என்று தெரியவில்லை. திறந்தேன். வெளியே வந்து சொன்னதும் அவர் தம்பி சட்டையைப் பிடிக்காத குறை. எட்டாம் நாள் அண்ணனைக் கூட்டிப்போக வந்தவர் ஒரு பை நிறைய நகரைக் கருவாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

டிவி விஷயம் நீங்கள் சொல்வது நியாயம். ஆழம் தெரியாது, தொட்டறிவது பாதிகூட இருக்காது. நிழலையும் அளவையும் வைத்து ஆழத்தைக் கணிக்கப் பழகணும். ஆரம்பத்தில் மருத்துவர்களே உங்களை மாதிரித்தான் கோபப்பட்டார்கள். 1980இல் ஜெர்மனியில் கீல் நகரத்து மகப்பேறு மருத்துவர் குர்ட் செம் இந்த முறையில் குடல்வால் எடுத்தபோது, அவரைத் தொழில் செய்யவிடாமல் நிறுத்தணும் என்று அறுவை மருத்துவர்கள் பேசினார்கள். 1985இல் அங்கேயே அறுவை மருத்துவர் எரிக் மூஹே இதே முறையில் பித்தப்பையை எடுத்தார், அவருக்கும் அர்ச்சனைதான். ஏழே வருடத்தில் அதே ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கம் அவருக்குப் பரிசு கொடுத்தது. நம் நாட்டில் 1990இல் மும்பையில் அறுவை மருத்துவர் உத்வாடியா இதைச் செய்தார். அரசு மருத்துவமனையில், ஏழை நோயாளிகளுக்கு. பணக்கார வைத்தியமாகத் தொடங்கிய கதை இங்கே இல்லை.

முதலாண்டு பிஜி (செவ்வாய், காலை 5:40)

சார், நான் எம்.எஸ். (அறுவை சிகிச்சை மேற்படிப்பு) முதல் வருடம். நைட் டூட்டி முடித்துவிட்டு இந்த இழையைப் பார்க்கிறேன். யூனிட்டில் கேமரா பிடிக்க மட்டும்தான் விடுகிறார்கள். கை எப்போது வரும்? எஃப்மாஸ் கோர்ஸ் போதுமா, எஃப்.என்.பி. போகணுமா?

சுக்கான் (செவ்வாய், இரவு 11:20)

“கேமரா மட்டும்தான்” என்று சொல்லாதீர்கள் தம்பி. எனக்கும் முதல் எட்டு மாதம் அதுதான். எங்கள் சீஃப் தலையைத் திருப்பாமலே சொல்வார்: “கல்லீரலைக் காட்டச் சொன்னேன், கரையைக் காட்டச் சொல்லல.” 30 டிகிரி லென்ஸில் ஒளிக் கேபிளைத் திருப்பினால் பார்வை மட்டும் எட்டிப் பார்க்கும், படம் சாயக்கூடாது. படகில் வளர்ந்தவனுக்கு அடிவானம் சாய்ந்தால் குமட்டும், தெரியுமில்லையா? அதேதான். சாய்ந்த படத்தைப் பார்த்து வெட்டுகிறவர் தப்பான இடத்தில் வெட்டுவார். லென்ஸ் மங்கினால் வெந்நீர் பிளாஸ்கில் நனைத்துத் துடைத்துத் திரும்ப உள்ளே போவதற்கு எத்தனை நொடி என்று நான் எண்ணிப் பழகினேன்.

அடுத்த தொல்லை, கருவி தலைகீழாக நடப்பது. வயிற்றுச் சுவரில் துளை ஒரு அச்சு. கையை இடப்பக்கம் தள்ளினால் உள்ளே முனை வலப்பக்கம் போகும். கூடப் படித்தவர்கள் மாதக்கணக்கில் திணறினார்கள். எனக்கு இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. காரணம் மூளை இல்லை. பத்து வயதிலிருந்து அப்பாவின் வல்லத்தில் சுக்கான் பிடித்தவன். சுக்கான் கட்டையை இந்தப் பக்கம் தள்ளினால் வல்லம் அந்தப் பக்கம் திரும்பும். இங்கே என் பேருக்கும் அதுதான் காரணம்.

ஆனால் முடிச்சு என்னை அழவைத்தது. வீட்டில் ஒரு பெட்டி செய்தேன். மீன் கம்பெனியில் ஐஸ் போட்டு அனுப்புகிற தெர்மோகோல் பெட்டி, மூடியில் இரண்டு துளை, உள்ளே ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு, துளைகளுக்கு நடுவே பழைய வெப்கேமரா, அதைப் பழைய கம்ப்யூட்டர் திரையில் மாட்டினேன். கழித்துப்போட்ட கிராஸ்பர் (சதையைப் பிடிக்கிற நீளக் கருவி) இரண்டைக் கேட்டு வாங்கினேன். பெட்டியில் மீன் வாடை போகவே இல்லை, அம்மா வீட்டுக்குள் விடவில்லை, திண்ணையில்தான். முதல் மாதம் புளியங்கொட்டையை இடது கையில் எடுத்து, அந்தரத்தில் வலது கைக்கு மாற்றி, கிண்ணத்தில் போடுவது. அப்புறம் திராட்சையைக் கிழிக்காமல் தோலுரிப்பது. அப்புறம் கோழித் தொடையில் சதை கிழியாமல் தோலைப் பிரிப்பது, பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து எடுப்பது கிட்டத்தட்ட அதுதான். கடைசியில் கணவாய். தோலை உரித்த கணவாயை வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்துப் பாருங்கள். குடலுக்கு அதைவிடப் பொருத்தமான சரக்கு நம் கரையில் கிடையாது. தைத்து முடித்ததும் உள்ளே தண்ணீர் விடணும். கசிந்தால் தையல் தோல்வி. கசிந்ததெல்லாம் அன்று மதியம் குழம்புக்குப் போகும்.

அப்பா எதிரே உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருப்பார். ஒரு நாள் திரையையே பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஊசியக் கொண்டு நூல ஏன் தொரத்துற? நூல வளைச்சு வச்சுட்டு ஊசிய அதுக்குள்ள விடு.” பாடப்புத்தகம் அதைத்தான் சொல்கிறது. நூலை ‘சி’ எழுத்து மாதிரி வளைத்து வைத்து, கருவியை அதன்மேல் இரண்டு சுற்று சுற்றி, வாலைப் பிடித்து இழுக்கணும். அடுத்த முடிச்சு எதிர்ப்பக்கம், அதற்கடுத்தது மறுபடி எதிர்ப்பக்கம். ஒரே பக்கமாகப் போட்டால் வழுக்கிவிடும், இது எந்த மீனவனுக்கும் தெரியும். எனக்கு முதல் முடிச்சுக்குப் பதினோரு நிமிடம் ஆனது. ஒரு வருடம் கழித்து ஒன்றரை நிமிடம்.

கோர்ஸ் பற்றி. எஃப்மாஸ் என்பது லேப்ராஸ்கோப் செய்கிற மருத்துவர்களின் அமாசி சங்கம் நடத்துகிற சில நாள் பயிற்சியும் தேர்வும். நல்லதுதான், ஆனால் சில நாளில் கை வராது. எஃப்.என்.பி. என்பது தேசியத் தேர்வு வாரியத்தின் மேல்பயிற்சி, இரண்டு வருடம், எம்.எஸ். முடித்த பிறகு. இடம் கிடைத்தால் போங்கள். எங்கே போனாலும் ஒன்று செய்யுங்கள்: திறந்து செய்கிற பித்தப்பை ஆபரேஷன் எங்கே நடந்தாலும் ஓடிப்போய்க் கை கழுவி உள்ளே நில்லுங்கள். உங்கள் தலைமுறைக்கு அது பார்க்கவே கிடைப்பதில்லை. கஷ்டமான வயிற்றில் லேப்ராஸ்கோப் தோற்ற பிறகுதான் திறக்கிறோம். ஆக, வாழ்க்கையில் முதல் தடவை திறக்கிறவனுக்கு எல்லாவற்றிலும் கஷ்டமான கேஸ்தான் வாய்க்கிறது. எனக்கு இதைவிடப் பயமான விஷயம் இந்தத் தொழிலில் இல்லை.

தியேட்டர் அக்கா (புதன், மாலை 4:15)

டாக்டர் எல்லாம் கையைப் பற்றியே எழுதுகிறார். கருவியைக் கழுவுகிறவர்கள் பக்கத்தையும் யாராவது சொல்லணுமே.

ஆபரேஷன் நன்றாக முடிந்து, தையல் பிரித்து, நாலைந்து வாரம் கழித்துத் துளை போட்ட இடத்தில் கட்டி கட்டியாக வந்து நீர் வடியும். சாதாரண ஆன்டிபயாடிக் எதற்கும் அடங்காது. காசநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு கிருமி, தண்ணீரில் வாழ்வது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடணும். எங்கிருந்து வருகிறது? கருவிகளை குளூட்டரால்டிஹைடு திரவத்தில் ஊறப்போட்டு, குழாய்த் தண்ணீரில் அலசி எடுப்பதிலிருந்து. 20 நிமிடம் ஊறினால் பெரும்பாலான கிருமி சாகும், எல்லாம் சாகாது. முழுக்கச் சாக 10 மணி நேரம் ஆகும். ஒரே நாளில் நாலு கேஸ், ஒரே செட் கருவி என்றால் யார் 10 மணி நேரம் காத்திருப்பார்கள்? நான் முன்பு இருந்த ஓரிடத்தில் போர் தண்ணீரில் அலசியதை நானே பார்த்தேன். கேட்டதற்கு “உங்க வேலையப் பாருங்க சிஸ்டர்” என்றார்கள். இரண்டு மாதத்தில் கிளம்பிவிட்டேன்.

கருவியைத் தனித்தனியாகக் கழற்றணும், உள்குழாயில் பிரஷ் விட்டுக் கழுவணும், ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்கிற இயந்திரம்) தாங்குகிறதை ஆட்டோகிளேவிலேயே போடணும். கரண்டில் சுட்டுப் பிரிக்கிற ஹூக் கருவியின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறையில் மயிரிழை கீறல் இருந்தாலும் கரண்ட் அது வழியாகப் பாய்ந்து, கேமரா பார்க்காத இடத்தில் குடலைச் சுட்டுவிடும். ஒவ்வொரு கேஸுக்கும் முன்னால் அந்த உறையை விரலால் தடவிப் பார்க்கிற தியேட்டர் பையன் இருந்தால் அந்த மருத்துவமனை மதுரையாக இருந்தால் என்ன, ராமநாதபுரமாக இருந்தால் என்ன.

சுக்கான் (புதன், இரவு 9:02)

அக்கா சொன்னதில் ஒரு எழுத்து மாற்ற வேண்டாம். கூடவே என் மானம்போன கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன மருத்துவமனையில் பாதி ஆபரேஷனில் வாயு சிலிண்டர் தீர்ந்துவிட்டது. திரையில் வயிற்றுக் கூரை மெல்ல இறங்கிக் கல்லீரல் மேல் படுத்தது. மாற்றுச் சிலிண்டர் ஊரிலேயே இல்லை. திறந்து முடித்தேன். அந்த அம்மா நன்றாக இருக்கிறார். டீசல் பார்க்காமல் கடலுக்குப் போவாயா என்று அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். அன்றிலிருந்து மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் சிலிண்டர் மீட்டரை நானே போய்ப் பார்க்கிறேன்.

மண்டபம் வடக்கு (வியாழன், பகல் 12:40)

பித்தப்பைக்கு நடுவில் என் கேள்வியையும் போடுகிறேன். விசைப்படகில் போகிறவன், வயது 41. வலது தொடை இடுக்கில் குடலிறக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். அதற்குள் முடித்துவிட்டு முதல் நாளே கடலுக்குப் போகணும். லேப்ராஸ்கோப்பில் செய்தால் சீக்கிரம் வலை இழுக்கலாமாமே?

சுக்கான் (வியாழன், இரவு 8:30)

அண்ணே, தடைக்காலம் வந்தால் எங்களுக்கு சீசன்தான். கரையில் இருக்கிற பாதிக் குடலிறக்கம் அப்போதுதான் வெளியே வரும்.

உங்கள் விஷயத்தில் நான் லேப்ராஸ்கோப்புக்கு வரிந்து கட்டமாட்டேன். ஒரு பக்கம் மட்டும், முதல் தடவை என்றால் முதுகில் மரப்பு ஊசி போட்டு, மேலே ஒரு கீறல், வலை வைத்துத் தைப்பது நல்ல ஆபரேஷன். ஆமாம், அங்கேயும் வலைதான், பாலிப்ரோப்பிலின். உங்கள் வலைக் கயிற்றிலும் இருக்கிற அதே வகைச் சரக்கு, சுத்தமானது, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் இருந்தாலோ, முன்பு செய்தது திரும்ப வந்திருந்தாலோ லேப்ராஸ்கோப் மேல். வலி கொஞ்சம் குறைவு, வேலைக்குச் சில நாள் முன்னால் திரும்பலாம். ஆனால் முழு மயக்கம் வேணும், செய்கிறவருக்குக் கை பழக 50 முதல் 100 கேஸ் ஆகும். பித்தப்பை நன்றாகச் செய்கிறவர் இதையும் நன்றாகச் செய்வார் என்று அர்த்தம் இல்லை. இடமே வேறு, பார்க்கிற திசையே வேறு.

நடக்கிறது, பைக் ஓட்டுவது எல்லாம் ஒரு வாரம் பத்து நாளில். வலை இழுக்கவும் ஐஸ் பெட்டி தூக்கவும் நான் ஆறு வாரம் சொல்வேன். இவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை என்று சொல்கிற மருத்துவர்களும் உண்டு, அவர்களிடமும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் அவர்கள் விசைப்படகில் ஏறிப் பார்த்ததில்லை. ஆக, ஏப்ரல் கடைசிக்குள் செய்துகொள்ளுங்கள். மே கடைசியில் வந்து “ஜூன் 14 ராத்திரி போகலாமா” என்று கேட்காதீர்கள்.

கடல்காற்று (வியாழன், இரவு 9:15)

போன வருடம் அப்படிக் கேட்டவன் என் மச்சான்தான், டாக்டர். அதே மச்சான்.

பாம்பன்காரன் (இரண்டு வாரம் கழித்து, சனி, காலை 7:25)

எல்லோருக்கும் நன்றி. விவரம் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

மதுரைக்குப் போகவில்லை. இங்கேயே கேட்டோம். “போன வருடம் எத்தனை பேருக்குத் திறந்தீர்கள்” என்று நான் கேட்டதும் மாமா என் தொடையைக் கிள்ளினார். டாக்டர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். “நாலு பேருக்கு” என்றார். ஒவ்வொருவருக்கும் ஏன் என்று சொன்னார். அப்புறம், “இதைக் கேட்கச் சொல்லி யார் அனுப்பினது?” என்றார். சொல்லவில்லை. திறக்க நேரலாம் என்று எழுதிய தாளை அம்மாவிடம் வாசித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்கினார். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவும் பெரிதாக இல்லை.

திறக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் அம்மாவுக்கு வயிற்றைவிட வலது தோளில்தான் வலி. “வயித்துல வெட்டிட்டுத் தோள எதுக்குடா தொட்டாங்க” என்று சண்டை. மிச்சமிருந்த வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் தெரிகிறது, இரண்டு நாளில் போய்விடும் என்று நர்ஸ் சொன்னார். போய்விட்டது.

23 கல். சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டார். இப்போது இரண்டு பேர் ஓம வாட்டரை நிறுத்திவிட்டு ஸ்கேன் எடுக்கப் போயிருக்கிறார்கள்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. எப்போது தண்ணீரில் இறங்கலாம்?

சுக்கான் (சனி, இரவு 10:10)

சந்தோஷம் தம்பி. துளைகள் நன்றாக மூடிக் காய்ந்திருக்கணும், தொப்புளில் ஈரம் கசியக்கூடாது. மூன்று வாரத்துக்கு முன்னால் கடல் தண்ணீர் வேண்டாம். பாசி மூட்டையைத் தூக்குவதை இன்னும் சில வாரம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டி, நீர் வடிதல் எதுவும் தெரிந்தால் உடனே காட்டுங்கள், அக்கா சொன்னது நினைவிருக்கட்டும். மற்றபடி உங்கள் டாக்டர் சொல்கிற நாள்தான் கணக்கு.

பாம்பன்காரன் (சனி, இரவு 10:31)

சொன்னேன் சார். கண்ணாடி மாஸ்க்கைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார். “வர்ற அமாவாசைத் தண்ணிக்கு எத்தன நாள் இருக்கு”ன்னு கேட்கிறார்.